கம்மலை அடகு வைக்கச் சொல்லாதீர்கள்: ஓட்டப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விடியற்காலையில் பிள்ளைகளை ஓடவைக்கும் பயிற்சியாளர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் காவேரிப்பட்டணத்தில் குடியிருக்கும் அறிவியல் ஆசிரியை. வயது 47. ஒன்பது ஆண்டுகளாக நெடுந்தொலைவு ஓடுகிறேன். பரிசு எதுவும் வாங்கியதில்லை, வாங்கப்போவதும் இல்லை. உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததால்தான் இந்த மடலை ஓர் ஆண்டாக எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

சென்ற மாம்பழப் பருவத்தில் ஓர் இரவு, எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மா வீட்டுக்கு வந்தார். மாங்கூழ் தொழிற்சாலையில் வேலை. நகக்கண்களில் மஞ்சள் ஏறியிருந்தது. அவர் உட்கார்ந்ததும் அறை முழுவதும் மாம்பழ வாசனை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ஜோடிக் கம்மலை என் மேசைமீது வைத்தார்.

“இதை அடகு வைத்தால் பன்னிரண்டாயிரம் கிடைக்குமா டீச்சர்? இதயத்துடிப்பு காட்டும் வாட்ச் இல்லாமல் மைதானத்துக்கு வரவேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டார்களாம். வாட்ச் இல்லாவிட்டால் போலீஸ் வேலை கிடைக்காதா?”

மகனுக்குப் பத்தொன்பது வயது. காவலர் தேர்வுக்கு ஓடிக்கொண்டிருந்தான். கம்மலைத் திரும்ப முடிந்து கொடுத்தனுப்பிவிட்டு, மறுநாள் விடியும்முன் அந்த மைதானத்துக்குப் போனேன். எந்த மைதானம், யார் பயிற்சி தருகிறார் என்று இங்கே எழுதமாட்டேன். அன்று நான் கண்டதை வேறு சில இடங்களிலும் கண்டிருக்கிறேன்.

முப்பது பையன்கள். பாதிப் பேர் கையில் வாட்ச். “180-க்குக் கீழே இறங்குகிறவன் வீட்டுக்குப் போகலாம்” என்று ஒரு குரல். நிமிடத்துக்கு 180 இதயத்துடிப்பாம். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது காவலர் தேர்வின் விதி. அந்த 1500 மீட்டரைத்தான் வாரத்தில் ஆறு நாளும் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள். ராணுவத்துக்குப் போக நினைக்கிறவர்களும் அப்படியே, அவர்கள் கணக்கு 1.6 கிலோமீட்டர், முழு மதிப்பெண்ணுக்கு 5 நிமிடம் 30 வினாடி. முடித்ததும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறவனைத் தட்டிக்கொடுக்கிறார்கள். தேர்வு தினமும் நடக்கிறது, படிப்பு மட்டும் நடக்கவே இல்லை. தினமும் முழுப்பரீட்சை வைத்துப் பாடமே நடத்தாத ஆசிரியரை நாங்கள் பள்ளியில் என்ன சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியும்.

எருதுவிடும் விழா பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம், அதனால் இப்படிச் சொல்கிறேன். இதயத்துடிப்பு காட்டும் கருவி ஒரு மூக்கணாங்கயிறு. நீங்கள் அதைத் தாற்றுக்கோலாக வைத்துக் குத்துகிறீர்கள்.

அந்தக் கருவி பிறந்த இடத்தைப் பார்த்தாலே இது விளங்கும். பின்லாந்தில் ஊலு நகரை ஒட்டி, செப்போ சாய்நாயாகாங்கஸ் என்ற மின்னணுவியல் பேராசிரியர் 1977-இல் போலார் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பனிச்சறுக்குப் பயிற்சியாளர் ஒருவர், ஓட்டத்தின் நடுவே வீரரின் துடிப்பைச் சரியாக அறிய வழியில்லையே என்று அவரிடம் குறைப்பட்டதுதான் தொடக்கம். கம்பி இல்லாமல் மார்பிலிருந்து மணிக்கட்டுக்குச் செய்தி அனுப்பும் கருவி 1982-இல் விற்பனைக்கு வந்தது. மேடும் பள்ளமுமான பனிப்பாதையில் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கு எதையும் சொல்லாது. ஏறும்போது உடல் திணறும், இறங்கும்போது சும்மா இருக்கும், கடிகாரம் இரண்டையும் கூட்டிச் சராசரி காட்டும். உடல் எவ்வளவு உழைக்கிறது என்று அறிய வேறு அளவுகோல் தேவைப்பட்டது.

நம்மிடம் பனி இல்லை. ஆனால் வத்தல்மலை இருக்கிறது, அஞ்செட்டிப் பாதை இருக்கிறது, சித்திரை வெயில் இருக்கிறது.

வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் முதல் தடவை ஓடியபோது, சமதரையில் ஓடும் வேகத்தையே பிடித்துக்கொண்டு போனேன். மூன்றாவது வளைவில் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அடுத்த முறை துடிப்பை எடுக்கும் பட்டையை மார்பில் கட்டிக்கொண்டு போனேன். அடிவாரத்தில் 140 இருந்த துடிப்பு இரண்டாவது வளைவு முடிவதற்குள் 174. அதன்பிறகு 150-ஐத் தாண்டும்போதெல்லாம் நடந்தேன். ஆட்டுக்காரப் பாட்டி ஒருத்தி என்னை முந்திப் போனாள். ஆனால் மலையுச்சியில் காப்பிச் செடிகளைப் பார்க்கிறவரை போய்ச் சேர்ந்தேன், மறுநாள் பள்ளிக்கும் போனேன்.

வெயிலும் மலையைப் போலத்தான், கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். உடல் சூடேறினால் இரத்தத்தில் ஒரு பகுதி தோலுக்குப் போய்விடுகிறது. வியர்வையில் நீர் வடிகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட அது வேகமாகத் துடிக்கிறது. அதனால் தை மாதத்தில் 145-இல் ஓடிய அதே வேகத்துக்குச் சித்திரையில் 160 ஆகிறது, ஒரு மணி நேரம் கடந்தால் இன்னும் ஏறுகிறது. பையன் சோம்பேறியாகிவிட்டான் என்று நீங்கள் திட்டுகிறீர்கள். அவன் இதயமோ முன்பைவிட அதிகமாக உழைத்துக்கொண்டிருக்கிறது. குளிர்ந்த ஓசூரில் ஓடுகிறவனையும் வெயில் கூடிய காவேரிப்பட்டணத்தில் ஓடுகிறவனையும் ஒரே கடிகாரத்தால் அளப்பதும் இதே தவறுதான்.

ஆகவே கருவி பயன்படுமா என்றால், பயன்படும். எதற்கு என்பதுதான் கேள்வி. துடிப்பு பார்த்து ஓடுகிறவர்கள் பார்க்காதவர்களை முந்திவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பழகிய ஓட்டக்காரருக்குத் தன் மூச்சே போதும். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது மெதுவான ஓட்டம், இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் இல்லை. புதிதாக ஓடுகிற பையனுக்கு அந்த நிதானம் தெரியாது. பத்துப் பேர் சேர்ந்து ஓடினால் ரோஷம் வந்துவிடும். அந்த ரோஷத்தை அடக்கத்தான் எண் வேண்டும்.

மெதுவாக ஓடினால் என்ன வளரும் என்று கேட்பீர்கள். ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவு கூடும், தசையில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகும், உடல் கொழுப்பை எரிக்கப் பழகும். இதற்கெல்லாம் நிறைய நேரம் ஓட வேண்டும். தினமும் வாந்தி எடுக்கிறவனால் நிறைய நேரம் ஓட முடியாது. நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற உடலியல் ஆய்வாளர், உலகத்தரப் பனிச்சறுக்கு வீரர்களும் படகு வீரர்களும் ஓட்டக்காரர்களும் என்ன செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். அவர்களுடைய பயிற்சிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு எளிதானவை, கடுமையானவை மீதிதான். நம் மைதானத்தில் கணக்கு தலைகீழ்.

இனி அந்த 180. அது எங்கிருந்து வந்தது? 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத்துடிப்பு என்று ஒரு வாய்ப்பாடு. பத்தொன்பது வயதுக்கு 201, அதில் பத்தில் ஒன்பது பங்கு எடுத்தால் ஏறத்தாழ 180. இந்த வாய்ப்பாடு 1971-இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்களின் கட்டுரையில் வந்தது. முன்பே வெளியான தரவுகளின் மேல் கண்மதிப்பாக இழுத்த கோடு, தனியாக ஆராய்ந்து கண்டதல்ல. 2001-இல் தனாகா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 208-இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கச் சொன்னார்கள். அதுவும் கூட்டத்துக்கான சராசரிதான். ஒரே வயதுள்ள இருவரின் உச்சம் இருபது துடிப்பு வேறுபடுவது சாதாரணம். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் கணக்கில் 173, இரண்டாவதில் 175. வேறொரு நாள் ஓர் ஏற்றத்தின் முடிவில் என் பட்டை காட்டியது 186. வாய்ப்பாட்டின்படி நான் அங்கேயே விழுந்திருக்க வேண்டும். முப்பது பையன்களுக்கும் ஒரே 180 என்பது முப்பது பேருக்கும் ஒரே அளவில் செருப்பு வாங்குவது.

வாட்ச் சொல்வது துடிப்புதானா என்பது அடுத்த சிக்கல். நான் முதலில் வாங்கியதும் மணிக்கட்டு வாட்ச்தான். மெல்ல ஓடினாலும் 176 என்று காட்டியது. இதயக்கோளாறு என்றே முடிவுகட்டி, இரண்டு நாள் தூங்காமல், ஈசிஜி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். ஒன்றும் இல்லை என்றார். மறுநாள் ஓடும்போது ஏதோ தோன்றி, நிமிடத்துக்கு எத்தனை எட்டு வைக்கிறேன் என்று எண்ணினேன். 176! பாவம், அந்த வாட்ச் என் காலை எண்ணிக்கொண்டிருந்தது. பச்சை ஒளியைத் தோலுக்குள் அனுப்பி, இரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணுகிற கருவி அது. கை குலுங்கினால், வார் தளர்ந்தால், மார்கழிக் குளிரில் கை விறைத்தால் ஏமாந்துபோகும். உங்கள் மைதானத்தில் 180 காட்டிய பையன்களில் எத்தனை பேரின் காலை எண்ணிப் பாராட்டினீர்களோ!

மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே நேராக எடுக்கிறது. விலையும் நல்ல வாட்சைவிடக் குறைவு. கட்டும்முன் உட்புறத்தைத் தண்ணீரால் நனைக்க வேண்டும். காய்ந்த பட்டை முதல் பத்து நிமிடம் வாய்க்கு வந்ததை உளறும். 200, 300 மீட்டர் விரட்டல்களுக்கு, அதாவது குறுகிய வேக ஓட்டங்களுக்கு, அதையும் பார்க்காதீர்கள். வேகம் கூடி ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனபிறகுதான் துடிப்பு அதற்கேற்ற இடத்துக்கு வரும், அதற்குள் விரட்டல் முடிந்துவிடும். 1500 மீட்டர் தேர்வு நாளிலும் அது வீட்டிலேயே கிடக்கட்டும்.

பட்டைகூட இல்லாமல் தொடங்கலாம். சித்த வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து வளர்ந்த ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நின்ற உடனே கழுத்தின் ஒரு பக்கம் இரண்டு விரலை மெல்ல வைத்து, 10 வினாடி எண்ணி, 6-ஆல் பெருக்கினால் போதும். 24 என்றால் 144. இரு பக்கமும் சேர்த்து அழுத்தக்கூடாது, அவ்வளவுதான்.

அந்தப் பையனுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன். காலையில் படுக்கையை விட்டு எழும்முன் ஒரு நிமிடம் எண்ணிப் பழைய காலண்டர் தாளின் பின்புறம் எழுதச் சொன்னேன். 58, 57, 59, 58 என்று போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் 74. உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஓடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். இரண்டாம் நாள் காய்ச்சலில் படுத்தான். காய்ச்சலுக்கு முன்னே வந்த அந்த 74-ஐ எந்த விசிலும் சொல்லியிருக்காது.

பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவர்களிடம் தனியாக ஒன்று. மெதுவாக ஓடினாலே ஒருத்திக்கு 190 போகிறது என்றால், அவளைத் திட்டும்முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. பிராணவாயுவைச் சுமக்கும் ஆள் குறைந்தால் வண்டி அதிக நடை போகத்தான் வேண்டும். பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை எந்த ஜன்னல் வழியாக எங்கே போகிறது என்பது என் வகுப்பில் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். மார்பு வலியோ மயக்கமோ வந்தால் மட்டும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பையன் என் பழைய பட்டையோடு நான்கு மாதம் ஓடினான். வாரத்தில் நான்கு நாள் 150-க்குக் கீழே, ஒரு நாள் விரட்டல், ஒரு நாள் அவன் விருப்பம். முதல் வாரம் அழாத குறை. நடைப்பயிற்சி போகும் தாத்தாக்கள் முந்துகிறார்களாம், நண்பர்கள் சிரிக்கிறார்களாம். 1500 மீட்டரில் 6 நிமிடம் 20 வினாடியிலிருந்து 5 நிமிடம் 48-க்கு வந்தான். பட்டைக்கு இதில் பெருமை இல்லை. ஆறு நாளும் சாகாமல் இருந்தான், அதனால் ஏழாம் நாள் ஓட முடிந்தது. நானும் மாதம் ஒருமுறை 140 துடிப்பில் மைதானத்தை நான்கு சுற்று சுற்றிப் பார்க்கிறேன். ஆனியில் 12 நிமிடம் 10 வினாடி, ஐப்பசியில் 11 நிமிடம் 5. அதே உழைப்புக்கு அதிக வேகம். இதைவிட நேர்மையான முன்னேற்ற அட்டை எனக்குத் தெரியாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. வாட்ச் இருந்தால்தான் சேர்ப்போம் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். மைதானத்துக்குப் பொதுவாக மூன்று பட்டை வாங்கி, ஆளுக்கு ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கொடுங்கள்; ஒரு வாரத்திலேயே எந்த மூச்சுக்கு எந்த எண் என்று பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும். முழுவேகச் சோதனையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்வரை என்னிடம் இருக்கும் இரண்டையும் தருகிறேன். ஞாயிறு காலை ஐந்தரைக்கு கிருஷ்ணகிரி அணைச் சாலையில் இருப்பேன், மெதுவாக ஓடுகிறவளைத் தேடினால் கண்டுபிடித்துவிடலாம். பட்டையைத் திருப்பித் தரும்போது மட்டும் வியர்வை போகக் கழுவிக் காயவைத்துத் தாருங்கள். போன முறை வாங்கிப் போனவர் கழுவவில்லை.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை,
காவேரிப்பட்டணம்