அந்துப்பூச்சிக்கு அழகு கூடாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மடகாஸ்கரின் சூரியாஸ்தமன அந்துப்பூச்சியை முழுப்பக்கத்தில் வெளியிட்டு, அதன் கீழே ‘உலகின் மிக அழகான பட்டாம்பூச்சி’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 1773-இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ட்ரூ ட்ரூரி இதைப் பட்டாம்பூச்சிகளோடு சேர்த்ததில் வியப்பில்லை. பின்னிறக்கையின் வால்களும் பளிச்சிடும் நிறமும் எவரையும் ஏமாற்றக்கூடியவை. ஆனால் இது யுரேனிடே என்னும் அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி, தாங்கள் அறியாததல்ல. பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் குமிழ்போல் தடித்திருக்கும். இதற்கோ நூல் போன்ற கொம்புகள் என்பது நீங்கள் வெளியிட்ட படத்திலேயே தெரிகிறது.

இது முதல் முறையும் அல்ல. பகலில் பறப்பது பட்டாம்பூச்சி, இரவில் பறப்பது அந்துப்பூச்சி என்று சிறுவர் பகுதியில் தவறாக வந்தபோதே எழுதினேன், பதில் இல்லை. துணியை அரிக்கும் ஒன்றிரண்டு இனங்களை வைத்து அந்துப்பூச்சிகள் அனைத்தையும் பழித்த கட்டுரைக்கும் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. அழகாக இருந்தால் பட்டாம்பூச்சி, மங்கலாக இருந்தால் அந்துப்பூச்சி என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் ஊன்றிப்போவதற்கு நாமே காரணமாகலாமா?

அந்த நிறம் ‘இயற்கையின் ஆடம்பரம்’ என்ற வரியும் தவறு. இந்த இனத்தின் பதப்படுத்திய மாதிரி ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நெடுநேரம் பார்த்திருக்கிறேன். ஓடுகள் போல அடுக்கிய செதில்கள் ஒவ்வொன்றும் வளைந்திருந்தன. மாதிரி இருந்த சட்டத்தைச் சற்றுச் சாய்த்ததும் பச்சையாக இருந்த பட்டை நீலத்துக்கு நகர்ந்தது. சாயப்பொடியாக இருந்தால் இப்படி மாறாது. செதிலுக்குள் மெல்லிய படலங்களும் காற்றிடைவெளிகளும் மாறிமாறி அமைந்து ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்த நிறம் பிறக்கிறது. அது வெறும் அலங்காரமும் அல்ல. இதன் புழு ஓம்ஃபாலியா என்னும் செடியினத்தை மட்டுமே தின்னும். அந்தச் செடியின் நஞ்சு சிறகு முளைத்த பிறகும் உடலில் தங்குகிறது. தன்னைத் தின்ன வரும் பறவைக்கு இந்தப் பூச்சி விடுக்கும் எச்சரிக்கையைத்தான் தாங்கள் ‘இயற்கையின் ஆடம்பரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

பெரிதாக எதையும் கேட்கவில்லை. அடுத்த இதழில், படம் வந்த அதே பக்கத்தில், ‘அது அந்துப்பூச்சி’ என்று ஒரே ஒரு வரித் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்