சித்திரவதைத் தடைச் சட்டம் எப்போது? நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. அதை ஏற்று உறுதி செய்யும் வேலை இன்னும் பாக்கி. 2010இல் மக்களவை நிறைவேற்றிய மசோதா மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. உறுதி செய்யுங்கள் என்று 2017இல் சட்ட ஆணையமே சொன்னது. 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையையும் மகனையும் விடிய விடிய அடித்தார்கள் என்றும், லத்திகளிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்தது என்றும் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலரே நீதித்துறை நடுவரிடம் சாட்சி சொன்னார். இருவரும் இறந்துபோனார்கள்.

உறுதி செய்யாதவரை நம்மை எதுவும் கட்டுப்படுத்தாது என்று யாராவது நினைத்தால் அது தவறு. சர்வதேசச் சட்டம் உடன்படிக்கைகளிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. சர்வதேச நீதிமன்றச் சாசனத்தின் 38ஆவது பிரிவு வழக்காற்றையும் பொதுவான சட்டக் கோட்பாடுகளையும் சேர்த்தே சொல்கிறது. நாடுகள் ஒன்றைத் தொடர்ந்து கடைப்பிடித்து, அது தங்கள் சட்டக் கடமை என்றும் ஏற்றால் அதுவே வழக்காறு. சித்திரவதைக் குற்றச்சாட்டுக்கு ஆளான சாட் நாட்டின் முன்னாள் அதிபர் ஹாப்ரே தொடர்பான பெல்ஜியம்–செனகல் வழக்கில், 2012இல் அந்த நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: சித்திரவதைத் தடை வழக்காற்றுச் சட்டம், அதற்கும் மேலே, எந்த நாடும் விலக முடியாத கட்டாய விதி. நாம் ஏற்கெனவே கட்டுப்பட்டவர்கள்தான்.

சரி, அப்புறம் எதற்கு இந்த உடன்படிக்கை? வழக்காறு தடுக்கிறது, ஆனால் நம் தண்டனைச் சட்டத்தில் ஒரு குற்றப் பிரிவை அது எழுதித் தராது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆவது பிரிவு, வாக்குமூலம் அல்லது தகவல் பறிக்க உடலைக் காயப்படுத்துவதைத் தண்டிக்கிறது. மன வதை? மிரட்டுவதற்காகவே அடிப்பது? உடன்படிக்கையின் முதல் பிரிவில் இரண்டும் உண்டு. இந்த ஓட்டைக்கு நாடும் விலை கொடுக்கிறது. மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதங்களைப் போட்ட வழக்கில் தேடப்பட்டவரை, இங்கே வதைக்கப்படும் ஆபத்து உண்டு என்று சொல்லி 2011இல் டென்மார்க் நீதிமன்றம் ஒப்படைக்க மறுத்தது.

ஐ.நா. குழு விசாரணைக்கு வந்துவிடும் என்ற பயம் இருந்தால், அந்த விசாரணையிலிருந்து விலகி நிற்க உடன்படிக்கையின் 28ஆவது பிரிவே இடம் தருகிறது. சீனாவே அப்படித்தான் சேர்ந்தது.

உடன்படிக்கைகளுக்காகச் சட்டம் இயற்ற அரசியலமைப்பின் 253ஆவது பிரிவு உங்களுக்கு முழு அதிகாரம் தந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தொடரிலேயே மசோதாவைக் கேளுங்கள். அரசு கொண்டுவராவிட்டால் தனிநபர் மசோதாவாக நீங்களே கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்