இலையுதிர்காலக் குறிப்பேடு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். இந்த வாரம் உங்கள் பிள்ளை கோடு போடாத நோட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பார். இலையுதிர்காலம் முடியும்வரை அது அவரிடமே இருக்கும். அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆசிரியர்கள் சிவப்பு மையால் திருத்தவும் மாட்டார்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். வாரம் இருமுறை, பத்து நிமிடம், அதே மரத்தடியில் உட்கார வேண்டும். முதல் மூன்று நிமிடம் நோட்டைத் திறக்க வேண்டாம். மூச்சு நிதானப்படட்டும்; காதில் என்ன விழுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனிக்கட்டும். பிறகு தேதி, நேரம், வானிலை, கண்ணில் பட்டது. எழுதலாம், வரையலாம்.

செப்டம்பர் 22 அல்லது 23-இல் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும். அதன்பின் பகல் சுருங்கச் சுருங்க, மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, சத்தைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. மஞ்சள் அப்போது புதிதாக வருவதல்ல; கோடை முழுக்கப் பச்சைக்கு அடியில் மறைந்திருந்ததுதான். சிவப்பைப் பல மரங்கள் இந்தப் பருவத்தில்தான் புதிதாக உண்டாக்குகின்றன. இதையெல்லாம் வகுப்பில் நடத்திவிடுவோம். ஆனால் எந்தக் கிளையில் முதலில் மஞ்சள் தட்டியது, தெருவிளக்கை ஒட்டிய கிளை மட்டும் ஏன் இன்னும் பச்சையாக நிற்கிறது என்பதெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்தவர் கண்ணுக்குத்தான் படும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, இலை உதிர்ந்த இடத்தை மட்டும் ஒரு பக்கம் முழுக்கப் பெரிதாக வரைந்திருந்தாள். பிறை வடிவில் ஒரு தழும்பு, அதற்குள் மூன்று புள்ளிகள், மேலே இறுக மூடிய ஒரு மொட்டு. கீழே எழுதியிருந்தாள்: "இலை போறதுக்கு முன்னாடியே அடுத்தது ரெடியா இருக்கு." அந்தப் புள்ளிகள் இலைக்கு நீர் சென்ற குழாய்களின் முனைகள் என்று நான் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். அன்று மாலைதான் ஒரு கிளையை வளைத்து அதை நேரில் பார்த்தேன். அந்தப் பக்கம் இன்னும் என் நினைவில் நிற்கிறது.

1850-களில் அமெரிக்காவின் கான்கார்ட் ஊரில் ஹென்றி டேவிட் தோரோ என்ற எழுத்தாளர், எந்தப் பூ எந்த நாளில் மலர்ந்தது என்று குறித்து வைத்தார். சுமார் 150 ஆண்டுகள் கழித்து அறிவியலாளர்கள் அந்தக் குறிப்புகளோடு ஒப்பிட்டபோதுதான், அங்கே பல செடிகள் முன்பைவிடச் சீக்கிரமாகப் பூக்கின்றன என்பது தெரிந்தது. அதனால்தான் தேதி எழுதச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். "அது என்ன பறவை?" என்று பிள்ளை கேட்டால், உடனே செல்போனில் தேடிப் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். வால் நீளமா, அலகு எப்படி, தரையில் நடக்கிறதா தத்துகிறதா என்று திருப்பிக் கேளுங்கள். பெயர் கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். எழுத்துப்பிழையையும் இந்த நோட்டில் விட்டுவிடுங்கள். "இன்னைக்கு ஒண்ணும் நடக்கலை" என்று எழுதினாலும் அது ஒரு குறிப்புதான்.

சிறிய பிள்ளைகளோடு நீங்களும் உட்காருங்கள். உதிர்ந்த இலைகளை எடுத்து ஒட்டலாம், பறிக்க வேண்டாம். காளானையும் காட்டுப் பழங்களையும் தொடாமல் பார்க்கட்டும்.

மரத்தின் கடைசி இலை உதிர்ந்த வாரம் நோட்டைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். மரத்துக்கு மரம் அது மாறும் என்பதால், நாங்கள் தேதி எதுவும் குறிக்கவில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்