காய்ச்சலோடு ஓடியதைச் சாதனை என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழில் ஒரு மாரத்தான் ஓட்டக்காரரைப் பற்றிய செய்தி படித்தேன். முதல் நாள் இரவு வரை காய்ச்சல், காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு போய் 42.195 கிலோமீட்டரையும் முடித்துவிட்டார் என்று பாராட்டி எழுதியிருந்தீர்கள். அவருடைய உறுதியைக் குறை சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்குக் காய்ச்சலோடு போய் நிற்கப் போகிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது, ஏனென்றால் நானே அப்படிப் போய் நிற்க இருந்த ஆள்தான்.

என்னுடையது 18 வாரப் பயிற்சித் திட்டம். ஐந்தாவது வாரம் வைரஸ் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். படுக்கையில் கிடந்தபடியே அட்டவணையில் எத்தனை நாள் போயிற்று, எத்தனை கிலோமீட்டர் போயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் விட்ட மறுநாளே கிளம்பினேன். மூன்றாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டேன், வழக்கமாகப் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில்கூட நாடித்துடிப்பு எப்போதையும் விட இருபதுக்கு மேல் கூடுதலாக இருந்தது. மருத்துவரிடம் போனபோது அவர் கோபப்படாமல் விளக்கினார். வைரஸ் சில சமயம் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும், அந்த நேரத்தில் இதயத்தை விரட்டினால் அதன் துடிப்பே தாறுமாறாகி உயிருக்கு ஆபத்தாகலாம். மாத்திரை சூட்டைத்தான் குறைக்கும், உள்ளே இருக்கும் வைரஸ் அப்படியேதான் இருக்கும். கழுத்துக்கு மேலே மட்டும் தொந்தரவு, அதாவது மூக்கொழுகல், லேசான தொண்டைக் கரகரப்பு என்றால் மெதுவாக ஓடிப் பார்க்கலாம், காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடம்பு வலி என்றால் ஷூவையே தொடாதே என்றார்.

சரி, அதோடு பாடம் கற்றேனா என்றால் இல்லை. விட்ட கிலோமீட்டர்களையெல்லாம் அடுத்த நான்கு வாரத்துக்குள் பிடித்துவிட வேண்டும் என்று வெறியாக ஓடினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மூச்சு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடுகிறது, அதனால் பழையபடி ஆகிவிட்டோம் என்று தோன்றிவிடும், ஆனால் எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் சுமைக்குப் பழகுவதில்லை. பதினோராவது வாரம் இடது காலில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, முன்பக்க எலும்பில் வலி. முதலில் ஓடும்போது மட்டும், அப்புறம் மாடிப்படி இறங்கும்போது, அப்புறம் ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதும். விரலால் எலும்பு நெடுக அழுத்திக்கொண்டே வந்தால் ஒரே ஒரு இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், உயிர் போகும். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார் மருத்துவர், முடியவில்லை. ஸ்கேனில் மயிரிழை விரிசல். எட்டு வாரம் ஓடக் கூடாது.

ஓட்டத்துக்கு மீதம் இருந்தது ஏழு வாரம். அமைப்பாளர்களுக்கு மருத்துவச் சான்றோடு எழுதினேன், அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தர முடியுமா என்று. விதிமுறையில் இடமில்லை, கட்டணமும் திரும்பக் கிடைக்காது என்று ஒரு வரியில் பதில் வந்தது. கட்டிய பணம், சொல்லி வைத்த ஆட்கள், வீட்டுக்கு வந்துவிட்ட நம்பர் துணி எல்லாம் சேர்ந்து ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஓட்டத்தன்று விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வலி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். போகவில்லை. இத்தனை வருட ஓட்டத்தில் நான் எடுத்த மிகக் கடினமான முடிவு அதுதான், அதைப் பாராட்ட ஒரு ஆளும் இல்லை.

வலி மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உடம்பில் நீர் வற்றும் நேரத்தில் ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். இங்கிலாந்து வீராங்கனை பௌலா ராட்கிளிஃப் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில், பெண்கள் மாரத்தான் உலக சாதனையைக் கையில் வைத்திருந்த நிலையில், சுமார் 36 கிலோமீட்டரில் சாலையோரம் உட்கார்ந்து அழுதார். கால் காயத்துக்காக எடுத்த மாத்திரை வயிற்றைக் கெடுத்துவிட்டது என்று பின்னால் தெரிந்தது. பாதியில் விட்டுவிட்டார் என்று அவரை எவ்வளவு பேசினார்கள்! அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானை ஜெயித்தார், அடுத்த ஆண்டு உலக சாம்பியனும் ஆனார்.

நானும் பல மாதம் கழித்து வேறொரு மாரத்தான் ஓடினேன். ஓடாத நாட்களில் நீச்சல் குளத்தில், ஆழமான பக்கத்தில், இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே ஓடியிருந்தேன். நடுவில் இருமலால் மறுபடி ஒரு வாரம் போயிற்று, அதைப் பிடிக்க முயலவே இல்லை. அதிகபட்சமாக 26 கிலோமீட்டர் ஓடியதோடுதான் தொடக்கக் கோட்டுக்குப் போனேன். முதல் கிலோமீட்டரிலிருந்தே ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. 33-வது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, ஒரு கம்பத்தைப் பிடித்தபடி நீவிவிட்டுக்கொண்டு மறுபடி நடந்தேன். 5 மணி 38 நிமிடம். கோட்டைத் தாண்டியதும் முதலில் குனிந்து அந்தப் பொத்தான் அளவு இடத்தை அழுத்திப் பார்த்தேன். வலிக்கவில்லை.

இரண்டே கோரிக்கைகள். ஓட்டக்காரர்களைப் பற்றி எழுதும்போது, உடம்பு சொன்னதைக் கேட்டு வீட்டில் இருந்துவிட்டுப் பிறகு வந்து ஓடியவர்களையும் தேடிப் பிடித்து எழுதுங்கள். அமைப்பாளர்களுக்கும் உங்கள் பக்கம் வழியாக ஒரு வார்த்தை: மருத்துவச் சான்று கொடுப்பவர்களுக்கு ஓட்டத்துக்கு முந்தைய நாள் வரையாவது பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்றிக் கொடுங்கள். சில ஓட்டங்களில் இது ஏற்கெனவே நடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்