வராத பூச்சிக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து, நின்றபடியே பாடம் நடத்தும் அளவுக்குத் தேறிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி வந்தது. முதுகலை மாணவர்களுக்கு, வெளிநாட்டிலிருந்து வரக்கூடிய தாவரப் பூச்சிகளின் இடர் மதிப்பீட்டையும் உன்னையே நடத்தச் சொல்லியிருப்பது அதைவிட நல்ல செய்தி. நான் பழைய மதிப்பீட்டுப் பிரிவில்தான் இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரைப் பழக்கும் பொறுப்பும் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. அதனால் உன் மாணவி கேட்ட கேள்வி சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது. இன்னும் நாட்டுக்குள் நுழையாத ஒரு பூச்சிக்கு, அது எவ்வளவு ஆபத்து என்று எதை வைத்து மதிப்பெண் போடுகிறீர்கள் என்று கேட்டாளாமே!

பாடப்புத்தக விடை உனக்கே தெரியும். உள்ளே நுழையுமா, நுழைந்தால் நிலைகொள்ளுமா, பரவுமா, பரவினால் எவ்வளவு சேதம் என்ற நான்கு கேள்விகள். சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் தர நெறிகளும் இந்த வரிசையில்தான் போகின்றன. நான்கையும் கேட்பது எளிது. விடைகளை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல்.

ஒரு கணக்கை உன் மாணவர்களுக்குக் கொடுத்துப் பார். ஒரு சரக்குத் தொகுதியில் பூச்சி ஒளிந்திருந்து, சோதனையில் தப்பி, தனக்கேற்ற செடியைக் கண்டுபிடித்து, குடும்பம் பெருக்க வாய்ப்பு 10,000-இல் 1 என்று வைத்துக்கொள். கேட்டவுடன் யாரும் 'மிகக் குறைவு' என்றுதான் எழுதுவார்கள். ஆண்டுக்கு அப்படி 5,000 தொகுதிகள் வருகின்றன என்றால், ஓர் ஆண்டுக்குள் ஒருமுறையாவது அது நிலைகொள்ளும் வாய்ப்பு ஏறக்குறைய 39 சதவீதம். அதே வணிகம் பத்து ஆண்டு நடந்தால் 99 சதவீதத்தைத் தாண்டிவிடும். பூச்சி மாறவில்லை, சோதனையும் மாறவில்லை. வணிகத்தின் அளவும் காலமும் சேர்ந்தே அதை ஏறத்தாழ உறுதியாக்கிவிட்டன. 'குறைவு' என்று எழுதுபவர், எத்தனை தொகுதிக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. இதை நான் எங்கள் பிரிவில் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது, சொந்த ஊரில் சாதுவாக இருக்கும் பூச்சி. ஆஷ் மரத்தைத் துளைக்கும் மரகதப் பச்சை வண்டை எடுத்துக்கொள். கிழக்கு ஆசியாவில் அது அங்குள்ள ஆஷ் மரங்களில், பெரும்பாலும் நலிந்த மரங்களில், அளவோடு பிழைக்கிறது. 2002-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அது கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. அந்த வண்டோடு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த மரங்களிடம் எதிர்ப்பு இருந்தது, வட அமெரிக்க மரங்களிடம் இல்லை. என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. சீனாவில் நடப்பட்டிருந்த அமெரிக்க ஆஷ் மரங்களை அந்த வண்டு அதற்கு வெகுகாலம் முன்பே கடுமையாகத் தாக்கியிருந்தது. தடயம் இருந்தது, அதைத் தேடிப் படிக்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லை. நம் மரங்களை வெளிநாட்டுத் தோட்டங்களில் வளர்த்து, அங்கே அவற்றை எது தாக்குகிறது என்று கவனிக்கும் காவல் மர முறைக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் மன்றாடுவது இதனால்தான். மர வளையங்களை ஆராய்ந்தபோது, கண்ணில் படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1990-களிலேயே, அந்த வண்டு மிச்சிகனில் மரங்களைக் கொன்றுகொண்டிருந்தது தெரியவந்தது.

இன்னொரு வகை, பெயரே இல்லாத எதிரி. 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியைச் சுருட்டத் தொடங்கிய மாவுப்பூச்சிக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டதே 1977-இல்தான். எந்தத் தடைப்பட்டியலில் அது இருந்திருக்க முடியும்? அதன் தாயகத்தைத் தேடி அலைந்து, 1981-இல் பராகுவேயில் கண்டுபிடித்து, அங்கிருந்த சிறு ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் சேதம் அடங்கியது. அந்தப் பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் அதற்காக 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அது மகத்தான வெற்றி. ஆனால் எல்லா எதிரிக்கும் ஒரு குளவி காத்திருப்பதில்லை. இத்தாலியின் அபுலியாவில் 2013-இல் ஆலிவ் மரங்களில் கண்டறியப்பட்ட சைலெல்லா பாக்டீரியாவுக்கு, பிடித்த மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. அந்தப் பாக்டீரியாவின் பெயர் தடைப்பட்டியலில் முன்பே இருந்தது, இருந்தும் அது உள்ளே வந்துவிட்டது. மத்திய அமெரிக்கக் காப்பிச் செடிகளில் காணப்படும் வகையோடு அது நெருங்கியது என்று மரபணு ஆய்வுகள் காட்டின. பல செடிகளில் அது எந்த அறிகுறியும் காட்டாமல் தங்கியிருக்கும். பார்த்துச் சோதிப்பவரின் கண் எவ்வளவு கூர்மையாக இருந்து என்ன பயன்?

ஆகவே, பூச்சியை மட்டும் மதிப்பிடுவதோடு நில்லாமல் அது வரும் வழியையும் மதிப்பிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மரப் பெட்டிகளுக்கும் சரக்குப் பலகைகளுக்குமான சர்வதேச விதியைப் பார். அது ஏற்கும் வெப்ப முறையில், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து 30 நிமிடம் நிலைத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பது எந்த வண்டு, எந்தப் புழு என்று அது கேட்பதில்லை. பெயர் தெரியாத புழுவையும் அந்தச் சூடு கொல்லும். வேரோடும் மண்ணோடும் வரும் உயிர்ச் செடிகளுக்கு இத்தனை எளிய வழி இல்லை, சூடு ஏற்றினால் செடியே செத்துவிடும். எனக்கு அதிகக் கவலை தரும் வழி அதுதான்.

ஏற்றுமதி செய்யும் நாடுகளின் வாதத்தையும் உன் மாணவர்கள் கேட்கட்டும். உலக வர்த்தக அமைப்பின் விதிகள்படி, தடை விதிக்கும் நாடு அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும். அது நியாயமான கட்டாயம். இல்லாவிட்டால் பூச்சியின் பெயரைச் சொல்லிப் போட்டியாளரின் பழத்தைத் தடுத்துவிடுவார்கள், நட்டம் எங்கோ இருக்கும் விவசாயிக்கு. எதையும் உள்ளே விடாதே என்பது மதிப்பீடு ஆகாது.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது 'நடுத்தரம்' என்ற சொல். ஆதாரம் நிறைய இருந்து நடுத்தரம் என்று முடிவதும், ஆதாரமே இல்லாததால் நடுத்தரம் என்று போட்டுவைப்பதும் அறிக்கையில் ஒரே மாதிரி தெரிகின்றன. முன்னதை வைத்து முடிவெடுக்கலாம். பின்னதற்கு முதலில் யாராவது களத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஆகவே நான் பழக்கும் இருவரிடமும் மதிப்பெண் ஒரு பத்தி, நிச்சயமின்மை இன்னொரு பத்தி என்று தனித்தனியே எழுதச் சொல்கிறேன். எந்தத் தகவல் கிடைத்தால் மதிப்பெண் மாறும் என்பதையும் அதில் எழுத வேண்டும். தொடக்கத்தில் முணுமுணுத்தார்கள். இப்போது அவர்களே ஒருவரையொருவர் அதைக் கேட்டு மடக்குகிறார்கள், பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஒரு யோசனை. தேர்வில் பூச்சியின் பெயரைக் கொடுக்காதே. ஒரு தாவரத்தையும் அது எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதையும் மட்டும் கொடு. என்னென்ன கூடவே வரக்கூடும் என்பதை அவர்களே தேடட்டும். முடிந்தால் விடைத்தாள்களின் நகலை எனக்கு அனுப்பு. என் இருவரும் அதே கேள்விக்கு எழுதுவார்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். கேள்வி கேட்ட அந்த மாணவிக்குப் படிப்பு முடிந்ததும் இந்த வேலையில் நாட்டம் இருந்தால் எனக்கு எழுதச் சொல்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். காலைப் பார்த்துக்கொள்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்