கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஞாயிறு காலை போர்ட்டிக்சன் கடலில் இறங்கிய எங்கள் எட்டுப் பேரும் அவரவர் காலாலேயே முடிவுக் கோட்டைத் தாண்டினோம். 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முதலாக இடம்பெற்றபோது வைத்த அதே தூரம். பதக்கத்தோடு எடுத்த படங்கள் வாட்சாப்பில் போதும் போதும் என்கிற அளவுக்குச் சுற்றிவிட்டன. அந்தப் படங்களில் இல்லாதவர்களுக்குத்தான் இந்த மடல்.

இந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. போட்டி தொடங்கிய பிறகு வெளியார் யாரும் போட்டியாளருக்கு உதவக் கூடாது. ஏற்பாட்டாளர் வைத்த தண்ணீர்ப் பந்தல் தவிர, வீட்டுக்காரர் ஓரத்தில் நின்று நீட்டும் ஒரு பாட்டிலை வாங்கினாலும் தண்டனைதான். 2016-இல் மெக்சிகோவின் கோசுமெலில் நடந்த டிரையத்லானில், வெயிலில் தள்ளாடிய பிரிட்டிஷ் வீரரான தம்பி ஜானி பிரவுன்லியை அண்ணன் அலிஸ்டர் தோளில் தாங்கிக்கொண்டு வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். தாங்கியவரும் போட்டியில் ஓடியவர் என்பதால்தான் தம்பியின் இரண்டாம் இடம் நிலைத்தது. ஆகவே டிரையத்லானில் உதவி செய்ய நினைப்பவர் அதை முன்கூட்டியே செய்து முடித்துவிட்டு, காலையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நீங்கள் அப்படித்தான் நின்றீர்கள்.

முதலில் செந்தூல் சைக்கிள் கடை அண்ணனுக்கு. இரண்டு வாரம் முன்பே எட்டு சைக்கிளையும் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். கடைசி வெள்ளிக்கிழமை செயின் மாற்றுவது எவ்வளவு பெரிய தப்பு என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். செயின் நீட்டம் 0.5 விழுக்காட்டைத் தொட்டதும் மாற்றிவிட வேண்டும். அதையும் மீறி ஓட்டினால் பின் பல்சக்கரமும் சேர்ந்தே தேயும். அதன் மேல் புதுச் செயினைப் போட்டால் மேட்டில் எழுந்து மிதிக்கிற நேரத்தில் பல்லை விட்டு வழுக்கும். அது கடைக்கு வெளியே சும்மா ஒரு சுற்றுச் சுற்றினால் தெரியாது. உலு லங்காட் மேட்டில் ஏறினால்தான் தெரியும். அதற்குத்தான் அந்த இரண்டு வாரம்.

டயர்களைக் கழற்றி உட்பக்கம் முழுக்கப் பஞ்சைத் தேய்த்தீர்களே, அதற்குத் தனி நன்றி. லாரி டயர் வெடித்துச் சிதறிய சாலை ஓரங்களில் தலைமுடி அளவு எஃகுக் கம்பிகள் கிடக்கும். கண்ணுக்குப் படாது, விரலால் தடவினால் விரலில் ஏறும், பஞ்சு மட்டும் சிக்கிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். மூன்று டயரில் சிக்கியது. கம்பியை எடுக்காமல் டியூபை மட்டும் மாற்றுகிறவர் அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடியும் ஓரங்கட்டுவார். துளை இருக்கும் இடத்தைப் பார்த்தே காரணம் சொல்லவும் கற்றுக்கொடுத்தீர்கள். சாலையைத் தொடும் பக்கம் ஒற்றைத் துளை என்றால் கம்பி அல்லது கண்ணாடி. பாம்புப் பல் பட்டது போல அருகருகே இரண்டு என்றால் காற்றைக் குறைவாக வைத்துக் குழியில் விட்டது. ரிம் பக்கம் துளை என்றால் ரிம் டேப் நகர்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் எத்தனை டியூப் போட்டாலும் போகும்.

மாற்று டியூப் விஷயத்தில் நாங்கள் வாங்கியதில் பாதியை நீங்கள் திருப்பி அனுப்பியது சரிதான். 50 மில்லிமீட்டர் ஆழமுள்ள ரிம்முக்கு 48 மில்லிமீட்டர் வால்வு வெளியே எட்டிக்கூடப் பார்க்காது. குறைந்தது 60 வேண்டும், 80 என்றால் நிம்மதி. 16 கிராம் கரியமில வாயுக் குப்பி ஒன்று 25 மில்லிமீட்டர் டயரை ஒரு தடவை நிரப்பும், இரண்டாவது தடவைக்கு மிச்சம் இருக்காது. அதனால் குப்பியைத் திறக்கும் முன்பு டயரைச் சுற்றிலும் கிள்ளி, டியூப் ரிம்மோடு மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை எட்டுப் பேரையும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வைத்தீர்கள். ஹேண்டில் நுனியில் மூடி இல்லாத சைக்கிளை, நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடத்துக்குள் விட மாட்டார்கள். இரண்டு சைக்கிளில் மூடி காணவில்லை என்றதும் ஒயின் பாட்டில் கார்க்கைச் செதுக்கி அடைத்தீர்கள். கார்க் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்து, ஏர்கோன் வேலை செய்யும் பூச்சோங் தம்பிக்கு. குழாய்க்குப் போடும் கறுப்பு நுரையுறையில் மிச்சமிருந்த துண்டுகளை நீளவாக்கில் பிளந்து எட்டு சைக்கிளின் சட்டத்துக்கும் மாட்டினீர்கள். கடையில் விற்கும் உறை இதைவிட நன்றாக இருக்கும் என்று தோன்றவில்லை. பெடல் கழற்றும்போது எல்லாரும் குழம்புவது இடது பெடலில்தான், அதன் மரை தலைகீழ். ஸ்பானரின் பிடி மேல்நோக்கி நிற்கும்படி வைத்து, இரண்டு பக்கமும் பின்சக்கரத்தை நோக்கி இழுத்தால் கழலும் என்று நீங்கள் சொன்ன வழிக்கு மேல் ஒன்றுமில்லை. டிஸ்க் பிரேக் சைக்கிளில் சக்கரத்தை எடுத்ததும் பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஏதாவது ஒன்றைச் செருக வேண்டும். வழியில் யாராவது பிரேக் பிடியை அமுக்கிவிட்டால் கட்டைகள் நெருங்கிக்கொள்ளும், பிறகு சக்கரம் உள்ளே போகாது. காலாவதியான டச் அன் கோ அட்டை இரண்டு சேர்ந்தால் அந்தத் தடிமன் சரியாக வருகிறது.

வேன் ஓட்டிய அண்ணன் ஒரு சைக்கிளைக்கூட வலப்பக்கமாகச் சாய்த்து வைக்க விடவில்லை. வலப்பக்கம்தான் கியர் மாற்றும் கை தொங்குகிறது. அதைத் தாங்கும் ஹேங்கர் மெல்லிய அலுமினியத் துண்டு. நான்கு மில்லிமீட்டர் வளைந்தாலும் கடைசிக் கியரில் அந்தக் கை ஆரக்கம்பிக்குள் போய்விடும், பிறகு சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டியதுதான். சனிக்கிழமை மதியம் நிழல் இல்லாத இடத்தில் வேனை நிறுத்த நேர்ந்தபோது எல்லா டயரிலும் காற்றழுத்தத்தை 60 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கியதும் நீங்கள்தான். 30 டிகிரியில் 100 பி.எஸ்.ஐ. ஏற்றிய டயர், 50 டிகிரி வேனுக்குள் 107-ஐத் தாண்டும். நல்ல டயர் தாங்கும், பக்கச் சுவரில் வெட்டு விழுந்த டயர் தாங்காது. திரும்பி வரும்போது சிரம்பான் வரை ஊர்ந்த நெரிசலில் எட்டுப் பேரும் வாயைத் திறந்துகொண்டு தூங்க, நீங்கள் ஒருவர் விழித்திருந்தீர்கள். போட்டி முடித்தவர் கையில் ஸ்டீரிங்கைக் கொடுக்கக் கூடாது என்பதை விதிப் புத்தகத்திலேயே எழுதலாம்.

நீச்சல் சொல்லிக்கொடுத்த அக்காவுக்கு என்ன எழுதினாலும் குறைதான். 25 மீட்டர் குளத்தில் 1,500 மீட்டர் என்றால் 59 தடவை சுவரை உதைத்துக்கொள்ளலாம். கடலில் ஒரு தடவைகூட இல்லை. குளத்து நேரத்தை நம்பிக் கடலில் இறங்குகிறவர் ஏமாறுவது இங்கேதான். அதனால் சுவருக்கு இரண்டு மீட்டர் முன்பே, எதையும் தொடாமல், நடுநீரில் திரும்ப வைத்தீர்கள். முதல் வாரம் உங்களை எல்லாரும் மனதுக்குள் திட்டினோம். 22 டிகிரிக்கு மேல் போனால் இந்தத் தூரத்துக்கு உடலை மூடும் ரப்பர் நீச்சல் உடுப்புக்கு (வெட்சூட்) அனுமதி இல்லை. நம் கடல் எப்போதும் அதைவிட வெதுவெதுப்பு. குளிர்நாட்டுக்காரர்களை மிதக்க வைக்கும் அந்த ரப்பர் நமக்குக் கிடைக்காது, இடுப்பைத் தண்ணீரின் மேலே வைத்திருப்பது நம் வேலை.

கண்ணாடியின் பட்டை தொப்பிக்கு உள்ளே போக வேண்டும் என்றீர்கள். பக்கத்தில் நீந்துபவரின் குதிகால் பட்டாலும் அப்போது கழலாது. கழுத்துக்கும் அக்குளுக்கும் வாசலின் தடவும்போது கையில் பிளாஸ்டிக் பை மாட்டச் சொன்னீர்கள். அதே விரலால் கண்ணாடியைத் தொட்டால் கடல் முழுக்கப் பனிமூட்டம்தான். ஆறு அல்லது எட்டுக் கைவீச்சுக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் தூக்கிப் பார், மிதவையைத் தேடாதே, அலைக்குள் அது மறையும், அதற்குப் பின்னால் நிற்கிற உயரமான கட்டடத்தைப் பிடி என்றீர்கள். நேராக நீந்தியவர்களுக்கும் வளைந்து வளைந்து போனவர்களுக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். கூட்டத்தில் மூச்சு முட்டினால் மல்லாந்து படு, முப்பது எண்ணு, தேவைப்பட்டால் கையைத் தூக்கு என்ற பாடத்தை எங்களில் இருவர் பயன்படுத்தினார்கள்.

கையைத் தூக்கியதும் வந்து நின்ற கயாக் தம்பி தங்கைகளுக்கும் எங்கள் நன்றி. கயாக்கைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம், விதி அனுமதிக்கிறது. கயாக் நீந்துபவரை ஓரடிகூட முன்னே இழுத்துச் செல்லக் கூடாது, அவ்வளவே. அலையில் படகை அசையாமல் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசி, மறுபடி விட்டுவிடுவது சின்ன வேலையாகத் தெரியலாம். துடுப்புப் பிடித்தவர்களுக்குத் தெரியும். இடம் கொடுத்த போர்ட்டிக்சன் ஐயா சனி மாலையே கரைக்குக் கூட்டிப்போய், தண்ணீர் வற்றும் நேரத்தையும் எங்கே பாறை, எங்கே சேறு என்பதையும் காட்டியது கால்களைக் காப்பாற்றியது.

சாப்பாடு. பிரிக்ஃபீல்ட்ஸ் அம்மா, கடலோர வீட்டின் அடுப்பில் விடியற்காலை மூன்றரைக்கு இட்லிப் பானையை ஏற்றினீர்கள். ஏழரைக்குத் தொடங்கும் போட்டிக்கு நாலரை மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், மூன்று மணி நேரம் இல்லாவிட்டால் வயிறு காலியாகாது. இட்லிக்குச் சர்க்கரை, கூடவே பீசாங் மாஸ் வாழைப்பழம். தேங்காய்ச் சட்டினி இல்லை, சாம்பார் இல்லை. நாசி லெமாக் கேட்ட வாய்களை ஒரே பார்வையில் அடக்கினீர்கள். அதிலுள்ள சந்தானின் (தேங்காய்ப் பாலின்) கொழுப்பு வயிற்றில் தங்கிவிடும், குனிந்து சைக்கிள் மிதிக்கும்போது தொண்டைக்கு வரும். பருப்பும் கீரையும் நார்ச்சத்து என்பதால் மற்ற நாளில் நல்லது, அன்றைக்கு வேண்டாம்.

பாட்டில்களை நிரப்பிய மருந்தாளர் தங்கையின் கணக்கைக் கேட்டவர்களுக்காக இங்கே எழுதிவிடுகிறோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, நான்கு லிமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை) பிழிந்தது. கால் தேக்கரண்டி உப்பில் 600 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சோடியம் இருக்கும், நம் வெயிலுக்கு அது பொருந்துகிறது. சர்க்கரையை 80 கிராமுக்கு மேல் ஏற்றினால் வயிறு அதைக் கீழே அனுப்பத் தாமதிக்கும், குமட்டும். யாருக்கு எவ்வளவு என்பதற்கு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொன்னீர்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. வெறும் தண்ணீராக நான்கைந்து லிட்டர் குடிப்பது குடிக்காமல் இருப்பதைவிட ஆபத்தாகலாம், இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். மயங்கி விழுகிற எல்லாருக்கும் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஓட்டப் பாதையில் தண்ணீர்ப் பந்தல் வைத்த மாணவர்கள் பலர் தைப்பூசத்தில் பத்துமலைப் பாதையில் நின்று பழகியவர்கள் போலும். கோப்பையை முக்கால் மட்டும் நிரப்பி, அடியைப் பிடித்து, ஓடுகிறவர் விளிம்பைக் கவ்வ விட்டார்கள். "தண்ணி!", "ஐஸ்!" என்று பத்தடி தூரத்திலேயே கத்தினார்கள். எது வருகிறது என்று முன்பே தெரிந்தால் கால் நிற்காது. தொப்பிக்குள் போட்ட ஒரு பிடி ஐஸ் அடுத்த பந்தல் வரை தாங்கியது.

குடும்பத்தாருக்கு. கடைசி இரண்டு கிலோமீட்டரில் முகம் வெளுத்து நடந்தவரைப் பார்த்தும், கையில் குளிர்ந்த ஹண்ட்ரட் பிளஸ் பானம் இருந்தும், அதை நீட்டாமல் நின்றீர்கள். கூடவே ஓடி வரவும் இல்லை, அதற்கும் தண்டனை உண்டு. சும்மா நிற்பது அவ்வளவு கஷ்டமான வேலை என்று நாங்கள் அறிந்திருக்கவில்லை. எட்டு சைக்கிளின் சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பாட்டியம்மாவுக்கும் வணக்கம். சாறு பட்ட டயர் வழுக்கும் என்பதால் துணியால் துடைத்துவிட்டோம். வேண்டுதலுக்குக் குறை வராது என்று நம்புகிறோம்.

பிற்பகலில், நாங்கள் கீழே விழுந்து கிடந்தபோது, சைக்கிள்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு ஏற்றிய இரண்டு தம்பிகளுக்கு ஒரு தே தாரேக் கடன். கடல் உப்பும் வியர்வை உப்பும் ஓர் இரவு தங்கினால் திங்கட்கிழமை செயின் செம்மண் நிறத்தில் இருக்கும்.

இன்னும் திருப்பித் தர வேண்டியவை எங்களிடம் உள்ளன: தரையில் வைத்து அடிக்கும் காற்றுப் பம்ப் இரண்டு, 15 மில்லிமீட்டர் ஸ்பானர் ஒன்று, பெரிய நீல ஐஸ் பெட்டி, இட்லித் தட்டு நான்கு. பச்சைக் கட்டம் போட்ட சாரோங் ஒன்று சைக்கிள்களுக்கு நடுவே வைத்தது, செயின் கறை பட்டுவிட்டது, புதிதாக வாங்கித் தருகிறோம். உரியவர்கள் செந்தூல் கடையில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
எட்டுப் பேர்
கோலாலம்பூர்