கவாத்துக் கொம்பும் கருவிழியும்

கோத்தகிரி
செப்டம்பர் 20

அன்புள்ள சரவணா,

உனக்குப் பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது. காரணம் என் வலது கண். இப்போது முழுக்கச் சரியாகிவிட்டது, பயப்படாமல் படி.

கீழ்த் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். பாதி வெட்டுப்பட்ட கொம்பு ஒன்று விருட்டென்று நிமிர்ந்து கண்ணில் அடித்தது. அப்படி ஒரு வலியை நான் பட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா நந்தியாவட்டைச் சாறு பிழியக் கிளம்பிவிட்டாள். தங்கம், அவள் அப்பாவின் கண்புரை ஆபரேஷனுக்குக் கொடுத்து மிச்சமிருந்த சொட்டு மருந்தை எடுத்து வந்தாள். இரண்டையும் விடவில்லை. தண்ணீரில் கழுவிக்கொண்டு குன்னூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

டாக்டரம்மா முதலில் மரத்துப்போகிற மருந்து ஒரு சொட்டு விட்டார். வலி நின்றே போனது. வீட்டுக்கும் ஒரு பாட்டில் கேட்டேன். கூடவே கூடாது, அதைத் தொடர்ந்து விட்டால் காயம் ஆறாது என்றார். அப்புறம் மஞ்சள் சாயம் ஒன்றைத் தொட்டு வைத்து நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியில், அதாவது கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் பகுதியில், மேல்தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாக மின்னுமாம். நெல்மணி நீளத்துக்கு ஒரு கோடு. மூன்றாம் நாள் மறுபடி பார்த்தபோது அந்தப் பச்சை இல்லை!

அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். கருவிழி நடுவில் அரை மில்லிமீட்டர் கனம்தான். கண்ணுக்குள் போகிற ஒளியை வளைத்துக் குவிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலை அதனுடையது. அதில் ரத்தக்குழாயே கிடையாது, இருந்தால் பார்வையை மறைக்கும். அதனால் காற்றிலிருந்து கண்ணீர் வழியாக ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது, உள்ளே இருக்கும் நீரிலிருந்து சத்து. காயம் பட்டதும் ஓரத்துச் செல்கள் தட்டையாகி, வழுக்கிக்கொண்டே நகர்ந்து வந்து புண்ணை மூடிவிடுகின்றன. எண்ணிக்கை பெருகுவது அதற்குப் பிறகுதான். கருப்பும் வெள்ளையும் சேரும் விளிம்பில் இருக்கிற மூலச் செல்கள் வாழ்நாள் முழுக்கப் புதுச் செல்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன.

ஆனால் இந்தக் கருணை மேல்தோலோடு சரி. அதற்கு அடியில் இருக்கும் மெல்லிய படலம் போனால் திரும்ப வளராது. அதற்கும் கீழே கொலாஜன் என்ற புரத இழைகள், தறியில் பாவு இழுத்துக் கட்டியது போல ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன. அந்த ஒழுங்கினால்தான் ஒளி தடையில்லாமல் ஊடுருவுகிறது. அங்கே புண்ணாகி ஆறினால் இழைகள் தாறுமாறாகி வெளுத்துவிடும். கண்ணில் பூ விழுந்தது என்கிறோமே, அதுதான்.

உன் அப்பத்தா நினைவுக்கு வந்தார், சரவணா. கதிரடிக்கும்போது நெல் சுணை பட்டு, யாரோ பச்சிலைச் சாறு விட்டு, அந்த இடது கண் வெளுத்துப் போனது என்று சொல்வாரே. இலை, குச்சி, நெல் பட்ட காயத்தில் பூஞ்சை புகுந்துகொள்ளும், சில நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு அவர் முகம்தான் தெரிந்தது. அதனால்தான் என் கண்ணைக் கட்டுப் போட்டு மூடவில்லை. வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உடனே வரச் சொன்னார். தங்கம் எடுத்து வந்த பாட்டிலில் ஸ்டீராய்டு இருந்தது. பூஞ்சைக்கு அது தீனி போட்ட மாதிரி ஆகியிருக்கும்.

வெளுத்த கருவிழியை மாற்றி வைக்கவும் முடியும். 1905-லேயே எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர், சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன ஒரு தொழிலாளிக்குச் செய்து காட்டிவிட்டார். எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் கண் வங்கி வந்தது 1945-ல். அப்பத்தாவை யாராவது அங்கே அழைத்துப் போயிருக்கலாம். அந்த வருத்தம் எனக்குப் போகவில்லை. நானும் தங்கமும் கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் பிள்ளைகளிடமும் சொல்லி வைத்தாயிற்று.

குறுவை அறுவடை தொடங்கியிருக்குமே? கண்ணை மூடிக் காக்கிற கண்ணாடி மூன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒன்று உனக்கு. மற்ற இரண்டையும் மிஷின் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கொடு. தூசி விழுந்தால் கசக்காமல் கழுவச் சொல்.

இங்கே பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, வழக்கம்தான். அம்மா உன்னை விசாரித்தாள். ஐப்பசி மழையில் பாதை சரிவதற்கு முன்னால் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

அன்புடன்,
கோபால்